கோவில் வண்ணக்கண்ணாடி வேலை: பெங்களூரில் இதைத் தொழிலாக எடுக்க நினைப்பவருக்கு

சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவுக்குள் காலைப் பூசை நேரத்தில் நிற்பவர் எல்லாரும் கண்ணாடியின் நீலத்தையும் சிவப்பையும்தான் பார்ப்பார்கள். இதைத் தொழிலாக எடுக்க நினைப்பவர் பூசை முடிந்ததும் வெளியே வர வேண்டும். எந்தக் கோவிலாக இருந்தாலும் சரி, சன்னலுக்கு நேரே நிற்காமல் சுவரோடு ஒட்டி நின்று கண்ணாடியின் பரப்பை ஓரமாகப் பார்க்க வேண்டும். பரப்பு தட்டையாக இருக்கிறதா, அப்பளம் பொரிந்ததுபோல் நடுவில் உப்பியிருக்கிறதா? சன்னலைக் குறுக்குக் கம்பியோடு பிணைக்கும் கம்பிக்கட்டு அறுந்து தொங்குகிறதா? விரலால் மெல்லத் தட்டினால் கிலுகிலு என்று சத்தம் வருகிறதா? சத்தம் வந்தால் துண்டுகளின் ஓரத்தில் அடைத்த மக்கு (எண்ணெய்ப் பசை) உதிர்ந்துவிட்டது என்று பொருள். நல்ல கண்ணாடி நூற்றாண்டுகள் தாங்கும். முதலில் வயதாவது துண்டுகளைப் பிடித்திருக்கும் காரீயப் பட்டிக்கும் (பட்டறைப் பேச்சில் ஈயம்) மக்குக்கும்தான். இந்தத் தொழிலில் பேர் வாங்குவதும் கெடுவதும் அந்த இரண்டில்தான் என்பது என் கருத்து. ஓவியம் அதற்குப் பிறகுதான்.

பெங்களூரில் பார்த்துக் கற்க இடம் நிறைய உண்டு. பசிலிக்காவின் சன்னல்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கழற்றி வைக்கப்பட்டு 1947இல் மறுபடி பொருத்தப்பட்டவை. கழற்றி மறுபடி மாட்டக்கூடிய கலை இது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கப்பன் ரோட்டில் 1866இல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் பீடத்துக்குப் பின்னால் பெரிய சன்னல் இருக்கிறது. எம்.ஜி. ரோடு முடிவில் 1851ஆம் ஆண்டின் ஹோலி டிரினிட்டி ஆலயம் இருக்கிறது. ஒரே சன்னலைக் காலை 7 மணிக்கும் நண்பகலிலும் மாலை 5 மணிக்கும் பாருங்கள். நீலம் பக்கத்து நிறங்களின் மேல் வழிந்து அவற்றை விழுங்குவது வெயில் ஏற ஏறத் தெரியும். மங்கலான ஐரோப்பிய வெளிச்சத்துக்கு வரைந்த மெல்லிய நிழல் நம்முடைய வெயிலில் வெளுத்துப்போகும். இங்கே புதிதாகச் செய்யும்போது நீலத்தைச் சுற்றிக் கொஞ்சம் அகலமான ஈயமும், நீலத்தின் மேலேயே அடர்த்தியான நிழலும் வேண்டும்.

கோவில் அலங்காரம் என்பது கண்ணாடி மட்டும் அல்ல. பர்மிங்காமின் ஜான் ஹார்ட்மன் பொத்தான் தொழில் குடும்பத்தில் வந்தவர். கட்டடக் கலைஞர் பியூஜினுக்காக 1838இல் கோவில் உலோக வேலையைத் தொடங்கி, அவர் வற்புறுத்தலால் 1845இல் கண்ணாடிக்குள் நுழைந்தார். மெழுகுத்தண்டு செய்த பட்டறையே சன்னலும் செய்தது. இங்கேயும் கண்ணாடியை மட்டும் நம்பினால் ஆண்டில் பாதி மாதம் கை சும்மா இருக்கும். சுரூபத்துக்கு (புனிதர் சிலைக்கு) வண்ணம் தீட்டுவது, பீடத்துக்குத் தங்கத்தாள் ஒட்டுவது, சிலுவைப்பாதைப் படங்களைச் சீர்செய்வது, வீட்டு வாசல் கதவுக்கும் வென்டிலேட்டருக்கும் கண்ணாடி செய்வது, இவையெல்லாம் சேர்ந்தால்தான் வருமானம்.

இனி வேலைக்கு வருவோம்.

அளவு எடுப்பதில் முதல் தவறு, ஒரு சன்னலை அளந்துவிட்டு மற்ற பதினொன்றும் அதேதான் என்று நினைப்பது. கல் வளைவில் எந்த இரண்டு திறப்பும் ஒன்றாக இருக்காது. மேல் வளைவு ஒவ்வொன்றுக்கும் தடித்த அட்டையிலோ 3 மி.மீ. பிளைவுட்டிலோ தனி மாதிரி வெட்டி, 'வடக்கு 3, உள்பக்கம்' என்று எழுத வேண்டும். உள்பக்கம் என்று எழுதாமல் விட்டால் மாதிரி திரும்பி, வளைவு இடம்வலம் மாறிவிடும். செய்யும் அளவு திறப்பைவிடச் சுற்றிலும் 3 மி.மீ. குறைவாக இருக்கட்டும். சுற்றோர ஈயம் 10 அல்லது 12 மி.மீ. அகலத்தில் இருந்தால், ஏற்றும்போது கொஞ்சம் சீவிச் சரிசெய்யலாம். 6 மி.மீ. ஓரம் வைத்தவர் சாரத்தின் மேல் நின்று அவதிப்படுவார்.

பிறகு சிறு அளவில் வண்ண மாதிரி. பங்குத்தந்தையும் பங்குப்பேரவையும் மறைமாவட்டமும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் வரை ஒரு கண்ணாடியும் வெட்டக்கூடாது. அடையாளச் சின்னங்களை இங்கேயே சரிபார்த்துவிடுங்கள்: பேதுருவுக்குச் சாவி, பவுலுக்கு வாள், அந்திரேயாவுக்குச் சாய்ந்த சிலுவை, தோமாவுக்கு ஈட்டியும் மூலைமட்டமும், சூசையப்பருக்கு லீலி மலர். பவுல் கையில் சாவி போனால் அது கண்ணாடியில் நூறு ஆண்டு நிற்கும்.

முழு அளவு வரைபடத்தில் ஈயக் கோடு 1.5 முதல் 2 மி.மீ. தடிப்பில் இருக்க வேண்டும். ஈயப்பட்டி 'எச்' எழுத்து வடிவம். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் அதன் தண்டு உட்காரும் இடம் அது. அந்த இடம் விடாமல் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு மி.மீ. தள்ளி, பத்தாவது துண்டில் கோத்த கண்ணாடிப் பலகையே ஒரு செ.மீ. பெருத்துவிடும். காகித மாதிரியை வெட்டுவதற்கு நடுவில் ஒரு கீற்றைத் தானே எடுத்துவிடும் மூன்று அலகுக் கத்தரி உண்டு. இல்லாவிட்டால் தடித்த கோட்டின் உள்விளிம்பில் வெட்டுங்கள்.

கண்ணாடி வாங்கும்போது தெரிந்திருக்க வேண்டிய ஒன்று, சிவப்பு பெரும்பாலும் முழுத் தடிப்பிலும் சிவப்பாக இருப்பதில்லை. பழைய செம்புச் சிவப்பு முழுத் தடிப்பும் இருந்தால் கறுப்பாகவே தெரியும். அதனால் தெளிந்த கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புத் தோலாக அதை வைப்பார்கள். விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் அந்தத் தோல் தெரியும். வெட்டுக்கோடு தோல் இல்லாத பக்கத்தில்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். நீலத்துக்குக் கோபால்ட், ஊதாவுக்கு மாங்கனீசு, பச்சைக்கு இரும்பும் செம்பும். இவை கண்ணாடியோடு உருகிக் கலந்த நிறம், வெயிலில் மங்காது. கடைகளில் 'ஸ்டெயின்டு கிளாஸ்' என்ற பெயரில் பரவலாக விற்பது வேறு: ஒரே கண்ணாடியில் வண்ணப் படலம் ஒட்டி, மேலே ஈய நாடாவை அழுத்தியது. ஓரத்தில் நகத்தால் நெருடினால் படலம் எழும். வீட்டுக் குளியலறைக்கு அது போதும். கிழக்கு வெயில் படும் பீடத்துச் சன்னலுக்கு அதைக் கொடுப்பது தவறு.

வெட்டும்போது கோடு ஒரே இழுப்பு. வெட்டும் உருளைக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய், கையில் சீரான அழுத்தம், கேட்கிற சத்தம் மெல்லிய சீறல். கோட்டின் மேல் மறுபடி இழுத்தால் உருளையும் போகும், கண்ணாடியும் தாறுமாறாகப் பிளக்கும். உள்நோக்கி வளையும் கோட்டை ஒரே தடவையில் எடுக்க முடியாது. பிறை பிறையாக மூன்று நான்கு கோடு போட்டு, வெளியிலிருந்து ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்க வேண்டும். புதியவர் 30 சதவீதம் கூடுதல் கண்ணாடி கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

முகம், கை, துணி மடிப்பு இவற்றைத் தீட்டும் கறுப்பு, இரும்பு அல்லது செம்பு ஆக்சைடும் எளிதில் உருகும் கண்ணாடித் தூளும் சேர்ந்தது. தண்ணீரும் கொஞ்சம் கருவேலம் பிசினும் விட்டுக் கண்ணாடிப் பலகையில் அரைக்க வேண்டும். பிசின் கூடினால் சூளையில் பொரிந்து கொப்புளமாகும். குறைந்தால் கை பட்டதும் உதிரும். கோடு முதலில், பிறகு பரப்பு முழுதும் நிழல் பூசி, உலர்ந்ததும் ஊசியாலும் தட்டையான தூரிகையாலும் ஒளியைச் சுரண்டி எடுக்க வேண்டும். இருட்டைப் பூசிவிட்டு ஒளியை எடுப்பதுதான் இந்த ஓவியம். காகிதத்தில் வரைந்து பழகிய கைக்கு இது தலைகீழ். சூளை ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸ். நன்றாகச் சுட்டால் கறுப்பு லேசாக மின்னும். மங்கலாகத் தூள்போல் இருந்தால் சூடு போதவில்லை. நடுவில் மின்சாரம் போனால் சூளைக் கதவைத் திறக்கவே கூடாது. மூடியபடி ஆறவிட்டு மறுபடி முதலிலிருந்து ஏற்றலாம். திறந்தால் அத்தனையும் வெடிக்கும்.

பழைய சன்னல்களில் உடை பளிச்சென்றும் முகம் மட்டும் வெறுமையாகவும் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். யாரோ துடைத்துத் துடைத்து அழித்துவிட்டார்கள் என்பார்கள். பல நேரம் காரணம் வேறு. 19ஆம் நூற்றாண்டில் குறைந்த சூட்டிலேயே உருகட்டும் என்று கறுப்போடு வெங்காரம் சேர்த்தார்கள். அந்தக் கறுப்பு ஈரத்தில் கரைந்துவிடும். அப்படிப்பட்ட முகத்தை மறுபடி சுட நினைக்காதீர்கள். பழைய கண்ணாடி சூளையில் விரிசல் விடும் வாய்ப்பு மிக அதிகம். மெல்லிய தனிக் கண்ணாடியில் முகத்தை வரைந்து சுட்டு, பழையதன் பின்னால் சேர்த்து ஈயத்துக்குள் வைப்பதுதான் வழி. வேண்டாமென்றால் பின்னொருவர் எடுத்துவிடவும் முடியும்.

மஞ்சள் தனி வகை. வெள்ளி உப்பைக் காவிமண்ணோடு குழைத்துக் கண்ணாடியின் வெளிப்பக்கம் பூசிச் சுட்டால், வெள்ளி கண்ணாடிக்குள்ளேயே இறங்கி எலுமிச்சை மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை நிறம் தரும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இது உண்டு. சாதாரண ஃப்ளோட் கண்ணாடியில் செய்தால், தயாரிப்பின்போது வெள்ளீயத்தின் மேல் மிதந்த பக்கத்தில் நிறம் கலங்கிக் கறுக்கும். குறு அலை யூவி விளக்கில் அந்தப் பக்கம் பால்போல் ஒளிரும், மறுபக்கத்தில் பூசுங்கள்.

ஈயம் கோப்பது மேசையில் செங்கோணமாக அடித்த இரண்டு ரீப்பருக்குள். பட்டியை முதலில் ஒரு முனையைப் பிடிப்பானில் கடிக்கவைத்து, கொஞ்சம் நீளும் அளவுக்கு இழுக்க வேண்டும். நேராகும், விறைப்பும் கூடும். பிறகு மரக்குச்சியால் வாயைத் திறந்து, மூலையிலிருந்து ஒவ்வொரு கண்ணாடியாகச் செருகி, நகராமல் லாட ஆணி அடிக்க வேண்டும். ஒரு பட்டி இன்னொரு பட்டியைச் சந்திக்கும் இடத்தில் முனை மற்றதன் இதழுக்கடியில், அதாவது கண்ணாடியின் மேல் படியும் விளிம்புக்கடியில், நுழைய வேண்டும். இடைவெளி விட்டு அதைச் சால்டரால் (பற்றாசால்) நிரப்புவது சோம்பல். நாளை முதலில் விரிசல் விடுவது அங்கேதான். சால்டர் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். அது 190 டிகிரிக்குள் உருகிவிடும், காரீயம் 327இல் உருகும். அதனால் பற்றவைக்கும் இரும்பின் சூடு அதிகமாகி ஒரு நொடி தாமதித்தால் பட்டியே ஓட்டையாகும். எஸ்.பி. ரோட்டில் வாங்கும் எலக்ட்ரானிக்ஸ் இரும்பு 25 வாட், அது போதாது. 80 முதல் 100 வாட், வெப்பக் கட்டுப்பாட்டோடு வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்து, கொழுப்பு மெழுகோ ஒலியிக் அமிலமோ தடவி, இரண்டு பக்கமும் பற்றவைக்க வேண்டும்.

மக்குதான் பலரும் அவசரப்படும் இடம். சுண்ணக்கட்டித் தூள், காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் இரண்டு பங்கு, டர்பன்டைன் ஒரு பங்கு, சாயத்துக்கு விளக்குக்கரி. பதம் வடை மாவு. இட்லி மாவுபோல் தளர்ந்தால் அடியிலிருந்து ஒழுகி நிற்கவே நிற்காது. கட்டை மயிர்த் தூரிகையால் எல்லாத் திசையிலும் தேய்த்து இதழுக்கடியில் ஏற்றுங்கள். மேலே உலர்ந்த தூளைத் தூவி, துடைத்து, இதழை அழுத்தி மூடி, மறுநாள் கூர்க்குச்சியால் ஓரங்களைச் சீவுங்கள். பிறகு மறுபக்கம். தட்டையாகவே இரண்டு வாரம் கிடக்க வேண்டும், மழைக்காலமானால் மூன்று. நான்காம் நாளே நிமிர்த்தி ஏற்றியவருடைய சன்னல் ஐந்து ஆண்டில் உப்பத் தொடங்கும். ஆளி எண்ணெய் பட்ட துணியைக் குவித்து வைக்காதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்ட பிறகு வெளியே போடுங்கள்.

ஒரு கணக்கு. 2 அடி அகலம், 6 அடி உயரச் சன்னல் 12 சதுர அடி. அதை ஒரே பலகையாகச் செய்யக்கூடாது. 2 அடிக்கு 2 அடியாக மூன்று பலகை. சதுர அடிக்கு 25 துண்டு என்றால் மொத்தம் 300 துண்டு. சதுர அடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் ஈயம், ஓரமும் சேதாரமும் சேர்த்து 45 மீட்டர் வாங்க வேண்டும். 3 மி.மீ. கண்ணாடி எட்டரை கிலோ, ஈயம் ஏழெட்டு கிலோ. இந்த எடையைக் காரீயம் தானே தாங்காது, அது மெதுவாகத் தொய்யும். 300 முதல் 450 மி.மீ.க்கு ஒரு குறுக்குக் கம்பி, அதில் செம்புக் கம்பியால் கட்டு. குறுக்குக் கம்பி மைல்டு ஸ்டீலாக இருந்தால் துரு பலமடங்கு பெருத்துக் கல்லையே பிளக்கும். 316 வகை ஸ்டெயின்லெஸ் செலவு கூடுதல்தான், ஆனால் கல்தச்சரைக் கூப்பிடும் செலவைவிடக் குறைவு.

'சதுர அடிக்கு எவ்வளவு அண்ணா?' என்று கேட்பவருக்கு, துண்டு எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். அதே 12 சதுர அடியில் 90 துண்டு நேர்க்கோட்டு வேலையும் உண்டு, தீட்டிச் சுட்ட 500 துண்டும் உண்டு. சாரம், ஏற்றும் கூலி, குறுக்குக் கம்பி மூன்றையும் தனி வரியாக எழுதுங்கள். புதிய தொழிலாளிகள் நஷ்டப்படுவது அந்த மூன்றில்தான்.

பழையதைப் பழுதுபார்ப்பதே பெங்களூரில் அதிகம் வரும் வேலை. அதில் அடிக்கடி கண்ணில் படும் கெடுதல்கள் மூன்று. ஒன்று, கல்லடிக்கும் புறாவுக்கும் பயந்து வெளியே பாலிகார்பனேட் தகடு வைத்துச் சுற்றிலும் அடைப்பது. இடையில் காற்று சிறைப்பட்டு அடுப்பாகிறது. காரீயம் கண்ணாடியைவிட மூன்று மடங்கு விரியும், ஒவ்வொரு பகலும் விரிந்து ஒவ்வொரு இரவும் சுருங்கி உப்புகிறது. உள்ளே ஈரம் படிந்து கறுப்பையும் கரைக்கிறது. பாதுகாப்பு வேண்டுமென்றால் 25 முதல் 50 மி.மீ. இடைவெளி, கீழேயும் மேலேயும் வலையிட்ட காற்றுத் துளை. இரண்டு, சிலிக்கான். காடி வாசனை வரும் சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. அது காரீயத்தை வெள்ளைத் தூளாக்கும். ஓரத்துக்கு மக்கு, கல்லோடு சேரும் இடத்தில் மணல் சேர்த்த சுண்ணாம்புச் சாந்து. மூன்று, திருவிழாவுக்கு முன் சுத்தம் செய்கிறேன் என்று கழிப்பறை அமிலத்தால் கழுவுவது. இதற்கு மருந்தே இல்லை. அயனி நீக்கிய தண்ணீர், பஞ்சு, பொறுமை இவ்வளவுதான். அதுவும் கறுப்பு உதிராத இடத்தில் மட்டும்.

கழற்றும் முன் வெளிச்சத்தோடும் வெளிச்சமில்லாமலும் படம் எடுங்கள். மேசையில் வைத்ததும் மெல்லிய தாள் விரித்து மெழுகு க்ரேயானால் தேய்த்து ஈய அச்சை எடுங்கள். அந்தத் தாள்தான் திரும்பக் கோக்கும்போது வழிகாட்டி. எல்லா ஈயத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நல்ல பட்டி நூறு ஆண்டு உழைக்கும். மக்கு மட்டும் போயிருந்தால் மக்கு மட்டும் போடுங்கள். உடைந்த துண்டை மாற்றாமல் ஒட்ட முடிந்தால் ஒட்டுங்கள்.

காலம் குறிப்பதும் தொழில்தான். நகரில் மழை செப்டம்பர், அக்டோபரில்தான் மிக அதிகம். பசிலிக்கா திருவிழாக் கொடி ஆகஸ்ட் 29இல் ஏறி செப்டம்பர் 8இல் முடியும். அந்த நேரத்தில் சிவாஜிநகர் பக்கம் சாரத்தை நினைக்கவே வேண்டாம். கழற்றுவதற்கு நல்ல காலம் தவக்காலம். வானம் வெளுத்திருக்கும், கல்யாணப் பூசைகள் பெரும்பாலும் இருக்காது, பங்குத்தந்தையும் பிளைவுட் அடைத்த சன்னலைப் பொறுத்துக்கொள்வார். உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் ஏற்றிவிடுவதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. 350 டிகிரியில் பற்றவைக்கும்போது வரும் புகையைவிட, பழைய ஈயத்தைத் தேய்க்கும்போது எழும் வெள்ளைத் தூள்தான் ஆபத்து. நுண்தூளைத் தடுக்கும் பி100 முகமூடி, ஈரத் துணியால் துடைப்பு, துடைப்பம் கூடாது. பட்டறையில் டீ குடிக்காதீர்கள். வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை இரத்தத்தில் காரீய அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்க வேலைகளில் தங்கத்தாளைக் கற்றுக்கொள்வது லாபம். டப்பாவில் வரும் தங்க பெயின்ட் பித்தளைத் தூள், சில ஆண்டில் பழுப்பாகும். அசல் தாள் கறுக்காது. 80 மி.மீ. சதுரத் தாள் 25 கொண்ட ஒரு புத்தகம், ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது போக, சுமார் 1.4 சதுர அடிதான் மூடும். பீடத்துக்குக் கணக்கிடும்போது செதுக்கு வேலையின் பள்ளங்களை மறந்துவிடாதீர்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒட்டுங்கள்.

வரைய வராதவர் முதல் ஆண்டைச் சித்ரகலா பரிஷத் போன்ற இடத்தில் உருவப்பட வகுப்பில் செலவிடலாம். வரையத் தெரிந்தவர் வென்டிலேட்டர் கண்ணாடிகளில் தொடங்கட்டும்: 1 அடிக்கு 2 அடி, நேர்க்கோடு, 15 துண்டு. அப்படி இருபது செய்த பிறகு வளைவு, அதன் பிறகு சூளை. முகம் கடைசியில்.

வேலை முடிந்ததும் ஓர் ஆவணக் கோப்பைப் பங்கில் கொடுத்துவிட்டு வாருங்கள். பலகை எண், ஈய அகலம், மக்கு போட்ட தேதி, முழு அளவு வரைபடத்தின் நகல். அதோடு ஒவ்வொரு நிறத்திலும் ஓர் உள்ளங்கை அளவுத் துண்டைத் தாளில் சுற்றி, நிறுத்திய வாக்கில் மரப்பெட்டியில் வைத்து சக்ரீஸ்து (பூசைப் பொருள் அறை) அலமாரியில் வையுங்கள். சிவப்பில் மட்டும் இரண்டு வையுங்கள். ஒரு தடவை ஊதிய சிவப்பு அடுத்த தடவை அதே சாயலில் வராது.